குமிழி வராத தட்டு

சேலம் ஜங்ஷனில் இறங்கியபோது என்னிடம் மூன்று பொருட்கள் இருந்தன. துணிப்பை, மாத்திரை டப்பா, வரைபடம் சுருட்டி வைத்த பிளாஸ்டிக் குழாய். நடைமேடையை விட்டு வெளியே வருவதற்குள் மூன்றையும் நாலு முறை எண்ணிவிட்டேன். வீட்டிலேயே எனக்கு இந்த நோய் உண்டு. வெளியூர் என்றால் கூடிவிடும்.

நாகர்கோவிலில் நான் கிளம்பும்போது தூறல். இங்கே வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. சுற்றிலும் மலைகள் நிற்கின்றன, ஆனால் எங்கள் ஊர் மலைகளைப் போலப் பச்சையாக இல்லாமல், யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டு மறந்துபோன கல் குவியல்களாக. இந்த ஊரில் ஒரு காரியம் நல்லபடியாக முடியும் என்று அவற்றைப் பார்த்ததும் எனக்குத் தோன்றவில்லை.

ரேவதி ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். நான் ஆன்டெனா ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவள் அங்கே என் பிரிவில் இருந்தவள், சேலத்துக்காரி. வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, தட்டையான ஆன்டெனாக்கள் செய்யும் சிறு கம்பெனி நடத்துகிறாள். கம்பெனி என்றால் அவளும் ஒரு சாலிடரிங் மேசையும்.

“சார், இளைச்சுட்டீங்க” என்றாள்.

“எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நீ ஒன்பதாவது ஆள்” என்றேன்.

பையை அவள் அறையில் வைத்ததும் தட்டுவடை செட் சாப்பிடக் கூட்டிப்போனாள். இரண்டு சின்ன தட்டுவடைகளுக்கு நடுவில் பீட்ரூட்டும் காரட்டும் துருவிப் போட்டு, சட்னி தடவி மூடித் தருகிறார்கள். சட்னி பக்கவாட்டில் வழிந்து என் சட்டையில் இரண்டு இடத்தில் விழுந்தது. இரண்டு தட்டை நடுவில் எதையாவது தடவி மூடினால் வழியத்தான் செய்யும் என்று சொன்னேன். அது எவ்வளவு கெட்ட நிமித்தம் என்பது அப்போது தெரியவில்லை.

நான்காவது செட்டில் அவள் விஷயத்துக்கு வந்தாள்.

“வெள்ளிக்கிழமை நாமக்கல்ல அளந்து காட்டறோம் சார். சரியா வந்தா முப்பது பலகைக்கு ஆர்டர். வரலைன்னா ரூமைக் காலி பண்ணிட்டு ஹைதராபாத் போறேன். அக்கா ஊட்டு மாடி சும்மாதான் கிடக்குது. அங்க ஒரு வேலைக்கும் சொல்லி வச்சிருக்கேன்.”

“வரும்மா” என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமவெளியில் உள்ள கோபுரத்திலிருந்து கொல்லிமலைக் கிராமங்களுக்கு இணைப்புக் கொடுக்கும் ஆன்டெனா அது. பெரிய தோசைக்கல் அளவு இருக்கும். முகத்தில் பதினாறுக்குப் பதினாறு என்று 256 சிறு பிளவுகள். பின்பக்கத்தில் ஒரே ஒரு வாசல். அந்த வாசல் வழியாக வரும் மைக்ரோவேவ் சக்தியை 256 பிளவுகளுக்கும் சமமாகவும், எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேரும்படியும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பிரிக்கும் பாதைகளின் வலைதான் என் ஆயுளைத் தின்ற விஷயம்.

பாதையைச் செப்புக் கோடுகளாகப் பலகையில் அச்சடித்துவிடலாம். மலிவு. ஆனால் புறப்பட்ட சக்தியில் பாதிகூடப் போய்ச் சேராது, வழியிலேயே சூடாகிக் கரைந்துவிடும். பிளவுகளைக் கூட்டினால் பலகை பெரிதாகும், பாதையும் நீளும். ஒரு கட்டத்துக்கு மேல் கூட்டியதையெல்லாம் பாதையே தின்றுவிடும். மலையில் இப்போது இருப்பது அந்த வகைதான். நல்ல மழை பிடித்தால் இணைப்பு போய்விடுகிறது.

நான் வரைந்ததில் செப்புக் கோடு கிடையாது. அலுமினியத் தட்டில் வாய்க்கால்கள் வெட்டி, மேலே இன்னொரு தட்டால் மூடிவிட வேண்டும். அலை வெறும் காற்றுக்குள் ஓடும். காற்று எதையும் தின்னாது. ஒரு வாய்க்கால் இரண்டாகும், இரண்டு நான்காகும், இப்படி ஆறு முறை பிரிந்தால் அறுபத்து நான்கு. மூடியில் உள்ள அறுபத்து நான்கு துளைகள் வழியாகச் சக்தி மேலேறி, கடைசியாக மாட்டும் முகத்தட்டில் ஒவ்வொன்றும் நான்கு பிளவுகளுக்குப் போகும். பத்துப் பங்கு உள்ளே விட்டால் ஒன்பது வெளியே வர வேண்டும். கணக்கில் வந்தது.

புதன்கிழமை காலை சங்ககிரிக்குப் பேருந்து ஏறினோம். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் சின்னுசாமி என்பவர் பட்டறை வைத்திருக்கிறார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு எண்ணெய் ஓடும் வால்வ் பிளாக்குகள் செய்கிற பட்டறை. கம்ப்யூட்டரில் ஓடும் நல்ல மெஷின் அவரிடம் இருப்பதால் ரேவதி அங்கே எங்கள் தட்டுகளை வெட்டக் கொடுத்திருந்தாள். வெட்டி முடித்துவிட்டார்கள். பொருத்தி அளக்க வேண்டியதுதான் பாக்கி.

பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு விவசாயி. மடியில் உரப்பை, அதற்குள் ஏதோ அசைந்தது. கோழி. எங்கே போகிறீர்கள், எதற்கு, எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் கேட்டுவிட்டார். இங்கே மனிதர்கள் கேள்விக்கே ஒரு ‘ங்க’ போடுகிறார்கள், பதிலுக்கும் ஒன்று போடுகிறார்கள். பேருந்து சங்ககிரிக்குள் போகுமா, பைபாஸிலேயே போய்விடுமா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில் பதினொன்று எண்ணினேன். விடை மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு வாய்க்காலைக் கடந்தபோது அவரே சொன்னார். “மேட்டூர்த் தண்ணிங்க. எங்க காடு கடைமடைங்க. தொறந்து உடறப்ப நெம்பத்தான் வருது. வழியில மண்ணு குடிச்சது போக, மேல இருக்கறவன் பாச்சினது போக, எங்களுக்குக் காலு நனையுமுங்க.”

“வாய்க்காலுக்கு சிமெண்ட் போட்டால்?” என்றேன்.

“போட்டாங்க. வெடிச்சிருச்சுங்க.”



வழியில் பேருந்து நின்றுவிட்டது. முன்னால் ஒரு முட்டை லாரியின் அச்சு முறிந்து சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. அட்டை அடுக்குகள் சரிந்து, தார் ரோட்டில் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் குடம் கொண்டுவந்து உடையாததைப் பொறுக்கினார்கள். லாரி ஓட்டுநர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, வெயில்ல ரோடே ஆம்லெட் போட்டிருச்சு. வெங்காயம் மட்டும் நீங்க கொண்டாந்திருக்கோணும்” என்றார் எங்கள் நடத்துநர். ஓட்டுநர் அழுகிற முகத்தோடு சிரித்தார்.

ஓர் அட்டைக்கு முப்பது முட்டை. முப்பதை ஒருமுறைதான் பாதியாக்கலாம், பதினைந்தில் நின்றுவிடும். எங்கள் தொழிலுக்கு ஆகாத எண். சாலையில் கிடந்த அட்டைகளை எண்ணிக்கொண்டே வெயிலில் நின்றேன். நூற்று நாற்பதுக்கு மேல் கண் கூசியது. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் மழை வந்து எல்லாவற்றையும் கழுவியிருக்கும்.

அப்போது ரேவதியின் போன் அடித்தது. சின்னுசாமி. ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏனுங்க, ரோட்டுல மாட்டிக்கிட்டீங்களாமா? கேள்விப்பட்டனுங்க. சாரு வயசானவரு, வந்து உக்காந்து நூத்திப் பன்னெண்டு ஸ்க்ரூவ முடுக்கோணுமுங்களா? நாங்களே மூட்டி வெச்சர்றமுங்க. நீங்க மொல்ல வாங்க.”

ரேவதி என் முகத்தைப் பார்த்தாள். என் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. “நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு வரச் சொல்லு. எல்லா ஸ்க்ரூவும் ஒரே இறுக்கம்” என்றேன். அவள் சொன்னாள். “அது தெரியுமுங்க, வால்வ் பிளாக்குக்கும் அப்பிடித்தானுங்க” என்றார் அவர். எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கு நிம்மதி வந்தால் எங்கோ ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். எப்போதும் அப்படித்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பட்டறைக்கு முன்னால் ஏழு ரிக் வண்டிகள், ஏழின் நெற்றியிலும் ஏழு விதமான சாமி பெயர்கள். சின்னுசாமிக்கு ஐம்பது வயது இருக்கும். பெரிய மீசை, கிரீஸ் படிந்த வெள்ளைச் சட்டை. “வாங்க சாமி” என்று என் பையை வாங்கிக்கொண்டார். என்னைவிடச் சின்னவர் என்னைச் சாமி என்கிறாரே என்று யோசிப்பதற்குள், டீ கொண்டுவந்த சின்னப் பெண்ணையும் சாமி என்று கூப்பிட்டார்.

“டீ ஆறுறதுக்குள்ள ஒண்ணு காட்டறனுங்க” என்று பட்டறையின் பின்பக்கம் அழைத்துப் போனார்.

அங்கே ஒரு சிமெண்ட் தொட்டி. தொட்டி நிறையத் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் எங்கள் தட்டு.

வாசலில் ஒரு காற்றுக்குழாய் பொருத்தியிருந்தார்கள். அறுபத்து நான்கு துளைகளின் மேலும் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து, ஓர் இரும்புப் பலகையால் அமுக்கிக் கட்டியிருந்தார்கள். சின்னுசாமி கம்ப்ரஸரைத் திறந்தார். முள் ஏறியது. நாங்கள் மூன்று பேரும் தொட்டிக்குள் குனிந்து பார்த்தோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் இருந்தது.

“ஒரு குமிழி வருதுங்களா?” என்றார். “எந்நேரம் வேணும்னாலும் நின்னு பாருங்க. வராதுங்க. மதியத்துல இருந்து ஆளுக்கு இருபது ரப்பரு வெட்டி வெச்சமுங்க.”

தட்டைத் தூக்கித் துடைத்துக் கொடுத்தார். இரண்டு தட்டுகளும் சேரும் விளிம்பு முழுவதும் மெல்லிய பச்சைக் கோடு ஓடியது. நகத்தால் கீறினேன். கெட்டியாக இருந்தது.

“இது என்ன?”

“பேஸ்ட்டுங்க.”

“ஏன் பூசினீர்கள்?”

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. சட்டை எதற்குப் போட்டாய் என்று கேட்டதுபோல விழித்தார். “பூசாம எப்பிடீங்க மூட்டறது? ரெண்டு தட்டு சேந்தா பூசித்தானுங்க ஆகோணும். பூசாத ஒரு பிளாக்கு இந்தப் பட்டறைய உட்டுப் போனதில்லீங்க.”

ரேவதி அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ரிக் வண்டியில் ஓடுவது எண்ணெய். சந்தில் இடைவெளி இருந்தால் பீறிடும். அதனால் பூசுகிறார்கள். எங்கள் வாய்க்காலில் ஓடுவது வேறு. அலையோடு சேர்ந்து சுவரின் மேல்தோலில் மின்சாரம் ஓடுகிறது, சுவரில் ஏறி மூடிக்குத் தாவுகிறது. அந்த மூலையில் உலோகத்தை உலோகம் தொட வேண்டும். நடுவில் தலைமுடியில் பாதி கனத்துக்கு ஒரு படலம் வந்தாலும் மின்சாரம் தாவ வழியில்லாமல் போகும், அலை அந்தச் சந்து வழியாகப் பக்கத்து வாய்க்காலுக்கும் வெளியேயும் நழுவிவிடும். பேஸ்ட் தண்ணீரைத் தடுக்கும், காற்றைத் தடுக்கும், எண்ணெயைத் தடுக்கும். மைக்ரோவேவுக்கு அது திறந்த கதவு. உலோகம் உலோகத்தைத் தொட்டிருந்தால் காற்று கசிந்தாலும் அலை கசியாது. பூசக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

“அளந்துதான் பாப்போமே சார்” என்றாள் ரேவதி. துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த அளவுக்கருவியை எடுத்தாள். உள்ளே புகுந்த ஈரத்தைக் காற்றடித்துக் காயவைத்தோம். வாசலில் சக்தியை விட்டு, ஒவ்வொரு துளையிலும் முனையை வைத்து நான் எண்ணைச் சொல்ல, அவள் கூட்டிக்கொண்டே வந்தாள். அறுபத்து நான்கையும் அளந்தோம். பத்துப் பங்கில் மூன்று. மலையில் இருக்கும் பழைய அச்சுப் பலகையே நான்கு கொடுக்கிறது.

முனையைப் பச்சைக் கோட்டின் பக்கம் கொண்டுபோனேன். காணாமல் போன ஏழும் அங்கே இருந்தது, விளிம்பு நெடுக.

சின்னுசாமியிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் நம்பவில்லை. கருவியை அவர் கையிலேயே கொடுத்து விளிம்பில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். எண் ஏறுவதைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார்.

“இத்தன பேஸ்ட்டையும் தாண்டி வருதுங்களா?” என்றார். “அப்ப இதெல்லாம் என்ன சென்மமுங்க?”

இரவு திருச்செங்கோட்டில் தங்கினோம். விடுதி அறையில் கொசு. எண்ணவில்லை.

வியாழக்கிழமை காலை தட்டுகளைப் பிரிக்கப் பார்த்தோம். அந்தப் பேஸ்ட் கெட்டியானால் சூடு காட்டினால்தான் விடும் என்றார் சின்னுசாமி. கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து அடியிலிருந்து மெதுவாகக் காட்டினார். தாய் குழந்தைக்கு ஒத்தடம் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தார், குறை சொல்ல முடியாது. மெல்லிய தகட்டை நுழைத்து நெம்பினார்கள். கல்லில் ஒட்டிய தோசையை எடுக்கும்போது வருமே, அப்படி ஒரு சத்தம் வந்தது.

மூடி தனியாக வந்துவிட்டது. வாய்க்கால்களுக்கு நடுவிலுள்ள சுவர்கள் ஒரு மில்லிமீட்டர் கனம்தான். மூன்று இடத்தில் சுவர் மூடியோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்திருந்தது. மட்டப் பலகையில் வைத்தால், சூட்டில் வளைந்துபோன இரண்டு தட்டும் தொட்டில் மாதிரி ஆடின.

பக்கத்து மெஷினில் ஏதோ பிளாக் ஓடிக்கொண்டிருந்தது.

“மறுபடி வெட்டினால்?” என்று கேட்டேன், பதில் தெரிந்தே.

“ராப்பகலா ஓட்டினாலும் ரெண்டு நாளு ஆகுமுங்க. நாளைக்கு எப்பிடீங்க முடியும்?”

“வேண்டாம், விடுங்கள்” என்றேன். ரேவதி தலையாட்டினாள்.

அவர் வீட்டிலிருந்து தூக்குப்போசியில் சாப்பாடு வந்தது. அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கி, மேலே நெய். எங்கள் ஊரில் மீன் இல்லாமல் சோறு இறங்காது, தேங்காய் இல்லாமல் குழம்பு கிடையாது. இதில் இரண்டும் இல்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்வதென்றால் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். மனம் நாசமாகும்போது வயிறு தனியாக ஒரு வாழ்க்கை வாழ்கிறது. சின்னுசாமி சாப்பிடவில்லை. பிய்ந்த சுவரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது பேருந்து நிறுத்தம் வரை வந்தார். “ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா பூசியிருக்க மாட்டனுங்க” என்றார்.

“ஆமாம்” என்றேன்.

வெள்ளிக்கிழமை நாமக்கல். ஊருக்கு நடுவில் ஒரே கல்லாக ஒரு மலை, அதன் தலையில் கோட்டை. அதைப் பார்த்தபடி ஒரு மாடியில், பலகை வாங்க இருந்தவரின் அலுவலகம். அளக்கும் கருவிகளைத் தாங்கிகளில் நிறுத்தி, எங்கள் பலகைக்கென்று ஒரு தாங்கியைக் காலியாக விட்டிருந்தார்கள். எங்களுக்கு இளநீர் வெட்டிவைத்துக் காத்திருந்தார்கள். அந்த மரியாதைதான் என்னை உடைத்தது.

ரேவதி எதையும் மறைக்கவில்லை. பையிலிருந்து பிய்ந்த தட்டை எடுத்து மேசைமேல் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். “ஒரு வாரம் கொடுங்க. வெட்டிக் கொண்டாந்து காட்டறேன். கணக்கு தப்பில்லைங்க.”

அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர். “வேல என்ன அழகா இருக்குதுங்க” என்றார். “ஆனா மழைக்கு முன்னாடி மேல ஏத்தியாகோணுமுங்க. இதே பலகைக்கு வெல குடுத்திருக்கற வெளிநாட்டுக்காரங்களுக்கு இன்னிக்கே சொல்லோணுமுங்க, அவங்க நிக்க மாட்டாங்க. தப்பா நெனைக்காதீங்க. அடுத்த மொற கண்டிப்பா பண்ணுவமுங்க. சாரு எளநி குடிங்க.”

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அத்தனை ‘ங்க’விலும் எங்களுக்கு ஓர் இடம் இல்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு சின்ன ஹோட்டல். ரேவதி எனக்கு ஒரு கலக்கி சொன்னாள். முட்டையைப் பாதி வேகவைத்து, கிண்ணத்தில் குழம்பு கலந்து தருகிறார்கள். வெந்ததுமில்லை, வேகாததுமில்லை. அவள் போனை எடுத்து அக்காவிடம் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், மாடியைக் கூட்டிவைக்கும்படியும் சொன்னாள். குரல் சாதாரணமாக இருந்தது. வைத்துவிட்டு, “சார், மாத்திரை போட்டீங்களா?” என்றாள்.

“அந்தத் தட்டை என்ன செய்யப் போகிறாய்?”

“எனக்கு வேண்டாம் சார். நீங்க கொண்டுபோங்க.”

சனிக்கிழமை பகல் முழுவதும் ரயில். இப்போது என்னிடம் நான்கு பொருட்கள். எதிரில் இருந்தவர் இது என்ன சார், இடியாப்பத் தட்டா என்று கேட்டார். ஆமாம் என்றேன். திண்டுக்கல் தாண்டியதும் துளைகளை எண்ணினேன். அறுபத்து நான்கு இருந்தது. துளைகளில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரேவதி போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். துடைத்துவிட்ட இரண்டு அறைகள், சுவரில் மேசை நின்ற அடையாளம். கீழே, ‘சாவி கொடுத்தாச்சு சார்’. படத்தைப் பெரிதாக்கிச் சுவரிலிருந்த ஆணித் துளைகளை எண்ணினேன். வெளியே நல்ல மழை.

சாயங்காலம் போன் அடித்தது.

“சாமி, நாந்தானுங்க, சங்ககிரி சின்னுசாமி. அந்தப் புள்ளைக்குப் போட்டனுங்க, எடுக்கலீங்க. ஒண்ணுமில்லீங்க, மறுக்கா வெட்டிட்டமுங்க.”

“எதை?”

“உங்க தட்டத்தானுங்க. ரிக் வேலைய நிறுத்திப்போட்டு ஓட்டினமுங்க. இந்தவாட்டி எதுவும் பூசலீங்க. தொடச்சு, வெறுமன சேத்து முடுக்கியிருக்குது. நடுவால இருந்து ஓரத்துக்குத்தானுங்க முடுக்கினது.”

அவர் குரல் தயங்கியது.

“ஆனா மனசு கேக்காம தொட்டியில போட்டுப் பாத்தனுங்க. சுத்தியும் காத்து பொளபொளன்னு வருதுங்க. இப்பிடி ஒரு வேலைய எப்பிடீங்க உங்க கையில குடுக்கறது? பட்டறை பேரு என்னாகுமுங்க?”

“எத்தனை குமிழி?” என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் தண்ணீர் பொளபொளக்கும் சத்தம் கேட்டது. தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தது.

“எண்ண முடியலீங்க சாமி” என்றார்.